கடன் கேட்கிற வாய்

என் மச்சானுக்கு நான் தர வேண்டியிருந்தது பதினேழாயிரத்து அறுநூற்றைம்பது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க அவரிடம் கைநீட்டியது. முதலில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு வண்டிக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. அதன்பிறகு கொடுப்பது நின்றுபோய் மிச்சம் அப்படியே தங்கிவிட்டது. இந்தக் கணக்கு எனக்கு மறந்தாலும் எங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு மறக்காது. மச்சான் காதோடு காதாகக் கேட்கிற ஆள் இல்லை. அவர் தரையில் நிற்பார், நான் ஆறாவது மாடி உயரத்தில் சாரத்தில் நிற்பேன். அங்கிருந்தே கேட்பார்.

"மாப்ளே, அந்தப் பதினேழாயிரத்து அறுநூத்தம்பது என்னாச்சு?"

சாலையில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். யார் அந்த மாப்பிள்ளை என்று தேடுவார்கள். நான் குழாய்களைப் பூட்டுகிற கிளாம்பை முறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொள்வேன்.

கட்டடங்களைச் சுற்றிச் சாரம் கட்டுவது எங்கள் வேலை. இரும்புக் குழாய்களைக் கீழிருந்து மேலே கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுவோம். ஒரு குழாய் ஒரே நேரத்தில் நாலு பேர் கையில் இருக்கும். ஒருவன் பிடிப்பதற்குள் இன்னொருவன் விட்டுவிட்டால் கீழே நிற்பவன் தலை இருக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கீழே நிற்பவர் வாயிலிருந்து வார்த்தை வராமல் யார் கையும் அசையாது. அவர் பிடி என்றால் பிடிக்க வேண்டும், தூக்கு என்றால் தூக்க வேண்டும், விடு என்றால் விட வேண்டும். நம் கண்ணுக்கு என்ன தெரிந்தாலும் சரி, சொந்த யோசனை கூடாது.

அந்த வார்த்தையைச் சொல்கிறவர்தான் மச்சான். இளவயதில் அவரும் மேலே ஏறினவர்தான். தோள்மூட்டு தேய்ந்துபோன பிறகு கீழே இறங்கினார். காண்ட்ராக்டர் அவரை வைத்திருந்தது அந்தக் குரலுக்காக. லாரி, கலவை இயந்திரம், காற்று எல்லாவற்றையும் தாண்டி அது மேலே வந்து சேரும். அதனால் அவருக்கு மைக்செட் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி ஒருத்தர் இங்கே இல்லையே என்பார்கள்.

அப்படிப்பட்ட வாயில்தான் புற்று வந்தது. முதல் தடவை நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். கதிர்வீச்சு வைத்தார்கள். எச்சில் வற்றிப்போய், எப்போதும் தண்ணீர்ப் புட்டியும் கையுமாகத் திரும்பி வந்தார். ஆனாலும் குரல் இருந்தது. இரண்டு வருஷம் நன்றாகப் போனது. பிறகு அதே இடத்தில் மறுபடியும் ஒரு புண். சாப்பிடும்போது எரிகிறது என்றார். அக்கா, அதாவது அவர் மனைவி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மச்சான் பின்னால் உட்கார்ந்து, இது யார் காசில் ஓடுகிற வண்டி தெரியுமா என்று என் காதில் கேட்டுக்கொண்டே வந்தார்.

டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பழைய வியாதிதான் திரும்பியிருக்கிறது. அந்த இடத்தில் மறுபடியும் கதிர் வைக்க முடியாது. ஒரு வழி, நாக்கில் பெரும்பகுதியை எடுத்துவிடுவது. அதன்பிறகு விழுங்குவதும் பேசுவதும் எப்படி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. இன்னொரு வழி இருக்கிறது. புண் அகலமாக இருந்தாலும் ஆழமாக இறங்கவில்லை, ஆழம் ஒரு விரல் தடிமன்கூட இல்லை. அந்த ஆழத்துக்கு வெளிச்சம் போகும். வெளிச்சத்தை வைத்தே அதை அழித்துப் பார்க்கலாம்.

வெளிச்சத்தை வைத்து எப்படி என்று அக்கா கேட்டார். டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அது உடம்பு முழுவதும் போகும், ஆனால் ஒன்றும் செய்யாது, தூங்கிக்கொண்டிருக்கும். கெட்ட சதையில் கொஞ்சம் அதிகமாகத் தங்கும். நாலு நாள் கழித்து வாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, புண் இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மருந்து விழித்துக்கொண்டு அங்கே இருக்கிற சதையைக் கொன்றுவிடும்.

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வெயில் பட்டா உடம்பு பூரா முழிச்சுக்குமா?"

"சரியாப் பிடிச்சீங்க. அதனாலதான் கொஞ்ச நாளைக்கு வெயிலே ஆகாது. மீறிப் போனா தோல் வெந்துடும்."

கட்டாயம் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஒரு தடவையில் போகாமல் இன்னொரு தடவை செய்ய வேண்டி வரலாம், அதிலும் போகாவிட்டால் வெட்டுகிற வழி அப்போதும் இருக்கும் என்றார். மச்சான் அதிகம் கேட்கவில்லை. வெளிச்சம் காட்டின பிறகு ஆறு மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்த முடியுமா என்று மட்டும் கேட்டார். நாக்கு இருக்கும், மற்றதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அது போதும் எனக்கு, நாக்கை மட்டும் விட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, நாக்கு இல்லாமல் உன்னிடம் எப்படிக் கடன் கேட்பது, சைகையிலா என்றார்.

செய்தி பரவியது. அதன்பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மச்சான் குடிக்க மாட்டார், பிள்ளைகளும் இல்லை, கையில் நாலு காசு நிற்கும். அதனால் பாதிப் பேர் அவரிடம் வாங்கியிருந்தார்கள். வருஷக்கணக்காகத் தலைமறைவாகத் திரிந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். உறையில் பணத்தைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். செருப்பை ஓசைப்படாமல் கழற்றினார்கள். தாழ்ந்த குரலில் பேசினார்கள். வட்டியெல்லாம் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் கேட்காமல் வட்டியோடு வைத்துவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவர்களிடம் சந்தோஷமாகத்தான் வாங்கினார். வியாதி வந்தால்தான் வசூல் நடக்கும்போல, இது தெரிந்திருந்தால் முன்னாடியே படுத்திருப்பேனே என்று சிரித்தார். வரவர அந்தச் சிரிப்பு குறைந்தது. பிளம்பர் ஒருவர் வந்து பணத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் வாசல் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ளே, எல்லாரும் எனக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டுப் போற மாதிரியே இருக்கு."

எனக்கு வீட்டில் நிம்மதி இல்லை. என் மனைவி அவர் கூடப்பிறந்த தங்கை. யார் யாரோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள், சொந்த மாப்பிள்ளை மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு திரிகிறாரே என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நான் காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கி, என் சம்பளத்தையும் சேர்த்து, முழுத்தொகையையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனேன். நானும் செருப்பை மெதுவாகத்தான் கழற்றினேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

பணத்தை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"எதுக்கு இப்ப?"

"தர வேண்டியதுதானே மச்சான்."

"மூணு வருஷமாத் தர வேண்டியதுதான். இன்னைக்கு என்ன விசேஷம்?"

பணத்தை நீட்டியபடியே நின்றேன். தோள்கள் இரண்டும் அன்றைக்குப் பார்த்து வலித்தன. நாள் முழுக்கக் குழாய் ஏற்றிவிட்டு வந்து நிற்கிறவனிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது?

"எடுத்துட்டுப் போ," என்றார். "நான் கேப்பேன். கீழ நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேப்பேன். அப்பக் குடு. அதுவரைக்கும் நீ எனக்குக் கடன்காரன்தான்."

திருப்பிக் கொண்டுவந்தேன். என் மனைவி அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். இதில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றாள். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவருக்கு வாய்க்கொழுப்பு அடங்காது என்று சொல்லி அடுப்பங்கரைக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது.

மருந்து ஏற்றுவதற்கு முன் வீட்டைத் தயார் செய்யச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நர்ஸ் எங்களை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னார். என்னோடு ஒட்டடைக்குச்சியும் வந்திருந்தான். எங்கள் கூட்டத்தில் உச்சியில் நிற்பவன் அவன். உடம்பைப் பார்த்தாலே அந்தப் பெயர் ஏன் என்று தெரிந்துவிடும். நேர் வெளிச்சம் நோயாளி மேல் படக் கூடாது என்று நர்ஸ் ஆரம்பித்தார். அவ்வளவுதான் எங்கள் காதில் ஏறியது. ஒட்டடைக்குச்சி அங்கேயே நின்று விரலால் காற்றில் ஜன்னலை அளக்க ஆரம்பித்துவிட்டான். மறைப்பு கட்டுவது எங்கள் தொழில். முழுக் கட்டடத்தையே துணி போட்டு மூடுகிறவர்களிடம் ஓர் அறையை மூடச் சொன்னால், மீதிப் பேச்சை நின்று கேட்கவா தோன்றும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் செய்த வேலை இருக்கிறதே, அதுபோல ஒரு மறைப்பை அதற்கு முன்னும் கட்டினதில்லை, பின்னும் கட்டினதில்லை. கறுப்புத் தார்ப்பாயை இரண்டாக மடித்து ஜன்னலுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று அடித்தோம். கதவிடுக்கில் பழைய மெத்தைப் பஞ்சைத் திணித்தோம். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் ஊசிபோல வந்தது. ஒட்டடைக்குச்சி மேலே ஏறி அதற்கும் சிமெண்ட் பூசினான். கடைசியில் எதற்கு வம்பு என்று பல்பையும் கழற்றிவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றால் பக்கத்தில் நிற்பவன் மூச்சுத்தான் கேட்டது. எங்களுக்கே பெருமையாக இருந்தது.

மருந்து ஏற்றினார்கள். முழங்கையில் ஒரு சின்ன ஊசி, அவ்வளவுதான். முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகத்தைச் சுற்றித் துணி என்று மூட்டை கட்டி, கண்ணாடியில் திரை போட்ட வாடகைக் காரில் கூட்டிவந்தோம். வண்டி ஒன்று வீட்டிலேயே நிற்கிறது, வாடகைக் காருக்கு அழ வேண்டியிருக்கிறதே என்று துணிக்குள்ளிருந்தே திட்டிக்கொண்டு வந்தார். அறைக்குள் போனவர் பிரமாதம் என்றார். கதவைச் சாத்தினோம்.

மறுநாள் வேலை முடிந்து போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சரியில்லை. காலையிலிருந்து அவர் சரியாகப் பேசவே இல்லை என்றார். சாப்பாட்டைத் தடவித் தடவி எடுத்தவர் பாதியிலேயே வைத்துவிட்டார். எழுந்து நடக்கப் போய் கட்டிலில் முட்டிக்கொண்டார். மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டு, டாக்டரிடம் போய் வெளிச்சம் எல்லாம் வேண்டாம், வெட்டியே எடுத்துவிடச் சொல் என்றிருக்கிறார்.

"வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுதுல்ல, இப்படிக் குழிக்குள்ள கெடக்க வேணாம்லங்கிறாரு தம்பி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நான் கதவைத் திறந்து உள்ளே போய் சாத்திக்கொண்டேன். மச்சான் என்றேன். ம் என்றார். எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. வேலையிடத்தில் நடந்தது எதையோ சொன்னேன். அதற்கும் ம். கடனைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நாலாம் நாள் அவர் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் யார் தூக்கிக்கொண்டு போவது? மருந்து உடம்பில் சும்மா கிடந்து வீணாகிவிடும். பிறகு கத்திதான்.

நல்லவேளையாக அன்றைக்கு மாலையிலேயே ஊசி போட்ட கையைப் பார்க்க நர்ஸ் வந்தார். வராந்தாவில் எங்களிடம் பேசின அதே அம்மாதான். அறைக்குள் நுழைந்தவர் சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டார். எரியவில்லை. மறுபடியும் போட்டார்.

"பல்பு எங்க?"

பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம் என்றேன்.

அவர் செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், கதவிடுக்கைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இதை யார் கட்டியது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன், கொஞ்சம் நிமிர்ந்தபடியே. ரொம்ப நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள், இப்போது பாதியைப் பிரியுங்கள் என்றார். அன்றைக்கு வராந்தாவில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் இரண்டு பேரும் படியிறங்கிவிட்டீர்கள் என்றும் சொன்னார்.

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினார். வெயிலும் பளிச்சென்ற விளக்கும்தான் ஆகாது. வீட்டுக்குள் மங்கலான வெளிச்சம் இருக்கலாம், இருக்கவே வேண்டும். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில்தான் தோலில் இருக்கிற மருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கும்மிருட்டில் வைத்திருந்தால் அது அப்படியே இருக்கும். ஒரு மாதம் கழித்து வெளியே வந்தாலும் முதல் நாள் மாதிரியே சுடும். இவரைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை, வெயிலிலிருந்து ஒதுக்கி வைக்கத்தான் சொன்னோம் என்றார்.

பல்பை மாட்டினேன். குறைந்த வெளிச்சம், கட்டிலிலிருந்து தள்ளி, மேலே ஒரு காகிதக் கூடு. மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் முட்டின இடம் வீங்கியிருந்தது. நர்ஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"புது ஜன்னல் சட்டம்டா அது. அதுல ஆணியா அடிச்சீங்க? நீங்கள்லாம் மனுசங்களா?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நர்ஸ் தன் பையை எடுத்துக்கொண்டு, இனி இவரைப் பற்றிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதன்பிறகு வெட்டுவதைப் பற்றி மச்சான் பேசவே இல்லை. அப்படிச் சொன்னதாக நாங்களும் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

நாலாம் நாள் கூட்டிப்போனோம். என்னையும் அக்காவையும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்ததைப் பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் தெரியும். மயக்கம் கொடுத்து, வாயைத் திறந்து வைத்து, நல்ல சதை மேல் வெளிச்சம் சிந்தாமல் ஈரத்துணியை அடைத்து, எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்த மெல்லிய கம்பியைப் புண்ணுக்கு நேராகப் பிடித்தார்களாம். வெளிச்சம் எரிந்தது சில நிமிஷம்தான். நான் வாங்கி வைத்த டீ ஆறவே இல்லை, முடிந்துவிட்டது என்று வந்து சொன்னார்கள். இவ்வளவுதானா என்று அக்கா இரண்டு தடவை கேட்டார்.

வேலை அதன்பிறகுதான் இருந்தது. வாய் முழுக்க வீங்கிவிட்டது. வலி கடுமை. வலி மருந்து நேரத்துக்குப் போகாவிட்டால் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பாலும் மருந்தும் கொடுத்தார்கள். பேச்சு அறவே இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் இரைச்சல் மிஞ்சினால் கைச்சாடை உண்டு. மூடின கை என்றால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் மேலே, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. அக்கா அதையெல்லாம் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். தலையணையை ஏற்று, காலை இறக்கு, அழுகிறதை நிறுத்து. நான் போனால் மட்டும் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்து என்னைச் சுட்டுவார். முன்பு வேடிக்கையாகக் கேட்டது உண்மையாகவே நடந்துவிட்டது. சைகையிலேயே கடன் கேட்டார்.

நீங்கள் வாயால் கேட்டால்தான் தருவேன் என்றேன்.

வெந்துபோன சதை கறுத்தது. பிறகு துணுக்குத் துணுக்காகக் கழன்று விழுந்தது. முதல் துணுக்கைப் பார்த்துவிட்டு அக்கா பயந்துபோய் நர்ஸுக்குப் போன் செய்தார். விழ வேண்டியதுதான் விழுகிறது என்றார்கள். அடியில் சிவந்த புதுத்தோல் தெரிந்தது. ஜன்னலில் ஒரு தார்ப்பாயை அவிழ்த்தோம். அப்புறம் இன்னொன்று. பொழுது சாய்ந்த பிறகு தெருமுனை வரை நடந்தார். குழாயை எடுத்தார்கள். கூழாகக் கரைத்தது, பிறகு குழைத்தது என்று சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. பேச்சும் வந்தது. வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. என் மனைவிக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி எல்லாம் திட்டு.

வெயிலுக்குப் போகலாமா என்று பார்க்க ஒரு சோதனை சொல்லியிருந்தார்கள். காகிதப் பையில் ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் கையை விட்டு, ஓட்டை வழியாகப் புறங்கையில் மட்டும் சில நிமிஷம் வெயில் படவிட வேண்டும். மறுநாள் அந்த இடம் சிவக்காமல் இருந்தால் சரி. அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டு வாசலில் நிற்க, மறுநாள் அந்தக் கையைப் பார்க்க எங்கள் கூட்டமே வந்துவிட்டது. ஆளாளுக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உன் கறுப்புத் தோலில் சிவப்பு எப்படித் தெரியும் என்று ஒட்டடைக்குச்சி கேட்டான். நர்ஸ் வந்து அழுத்திப் பார்த்து, எரிச்சல் இல்லையே, வீக்கம் இல்லையே என்று விசாரித்துவிட்டுச் சரி என்றார். ஊசி போட்ட கையை மட்டும் இன்னும் சில மாதம் மூடியே வைக்கச் சொன்னார்.

அடுத்த மாதம் டாக்டர் அந்த இடத்தில் கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வியாதி இல்லை என்று வந்தது. தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். மச்சான் காட்டுகிறேன் என்றார். வெளியே வந்ததும் நேரே வேலையிடத்துக்கு வண்டியை விடச் சொன்னார்.

அங்கே அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். வாயில் விசிலை வைத்திருந்தார். கெட்ட ஆள் இல்லை. ஆனால் விசிலுக்குப் பிடி எது, விடு எது என்று தெரியாமல் நாங்கள் இரண்டு தடவை குழாயை நழுவவிட்டிருந்தோம். காண்ட்ராக்டர் மச்சானை மேலும் கீழும் பார்த்தார். ஆள் இளைத்திருந்தார், கழுத்து சட்டைக்குள் ஆடியது. உங்களைப் பாவம் பார்த்து நிறுத்த முடியாது, நாளைக்கு வந்து ஒரு வரிசை ஏற்றிக் காட்டுங்கள், மேலே இருப்பவர்களுக்குக் கேட்டால் இடம் உங்களுடையது என்றார். மச்சானும் அதுதான் நியாயம் என்றார்.

மறுநாள் காலையில் அகலத் தொப்பியும், ஊசி போட்ட கைப்பக்கம் மட்டும் முழுக்கை வைத்த சட்டையுமாக வந்து தன் பழைய இடத்தில் நின்றார். நான் நடுத்தட்டில் இருந்தேன். உச்சியில் ஒட்டடைக்குச்சி. குழாய் என் கைக்கு வந்தது. பிடித்தேன். அடுத்து தூக்கு என்று வர வேண்டும். வந்தது ஒரு சத்தம். உரமான சத்தம்தான். ஆனால் வார்த்தை உடைந்திருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும். குழாயின் கனம் மணிக்கட்டில் இறங்கியது. தூக்கிவிடலாமா என்று கை ஒரு கணம் துடித்தது. மேலே பார்த்தேன். ஒட்டடைக்குச்சி கையை நீட்டியபடி அசையாமல் நின்றான்.

"கேக்கல," என்றான் கீழே பார்த்து.

மறுபடியும் கத்தினார். மறுபடியும் உடைந்தது.

"கேக்கல மைக்செட்டு. ஒழுங்காச் சொல்லு."

காண்ட்ராக்டர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் புட்டியைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். எங்கள் கை வலிக்கிறதே என்ற அவசரம் கொஞ்சமும் அவரிடம் இல்லை. பிறகு நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக மேலே அனுப்பினார்.

"எல்லாரும் கேட்டுக்க. இனிமே அந்த வார்த்தை கெடையாது. நான் 'போ'ன்னு சொன்னா மேல போகணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று நாலு தட்டிலிருந்தும் குரல் வந்தது.

"போ."

குண்டு மாதிரி வந்து விழுந்தது. குழாய் என் கையை விட்டு மேலே போனது. ஒட்டடைக்குச்சி வாங்கிக்கொண்டான். அடுத்தது, அதற்கடுத்தது. டீ நேரத்துக்குள் வரிசை முடிந்துவிட்டது. காண்ட்ராக்டர் விசில்காரரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்து வேலைக்குப் போய்விட்டார்.

நான் கடைசிக் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். தோள் வழக்கம்போலக் கெஞ்சியது. அப்போது கீழிருந்து வந்தது.

"மாப்ளே. அந்தப் பதினேழாயிரத்து அறுநூத்தம்பது என்னாச்சு?"

நூறும் ஆயிரமும் கொஞ்சம் வழுக்கின. ஆனால் ஒரு எண்ணும் விடுபடவில்லை. சாலையில் இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் முதுகைத் திருப்பவில்லை. கீழே இறங்கினேன். அன்று காலையில் என் மனைவி பீரோவைத் திறந்து, அதே பணத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி என் சட்டைப்பையில் வைத்து ஊக்குக் குத்தி அனுப்பியிருந்தாள். ஊக்கைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன்.

மச்சான் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து எண்ணினார். ஒரு முறை எண்ணிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். எல்லோரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்த ஐம்பதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓரம் கிழிந்திருந்தது.

"இதை எவன் வாங்குவான்?"

கடையில் வாங்குவார்கள் என்றேன். நீ போய் மாற்றிக் கொண்டுவா என்றார். என்னிடம் வேறு இல்லை, வேண்டுமென்றால் சாயந்திரம் தருகிறேன் என்றேன். உன் சாயந்திரம் எனக்குத் தெரியும், அது வர மூன்று வருஷம் ஆகும் என்றார். ஒட்டடைக்குச்சி நடுவில் புகுந்து, பசை வைத்து ஒட்டினால் போய்விடும் என்றான். ஒட்டின நோட்டை வாங்குவதற்கு நான் என்ன உன்னைப் போலவா என்று அவனுக்கும் கிடைத்தது. கால் மணி நேரம் இப்படியே போனது. ஆறின டீயைக் குடித்துவிட்டு, அந்தக் கிழிந்த ஐம்பதை மடித்து என் சட்டைப்பையில் செருகினார். மீதியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அம்பதைத் தள்ளிட்டேன். தீர்ந்துச்சு. மேல ஏறு, ஆளுங்க காத்துட்டு நிக்கிறாங்க."